பெட்டிசம் சேர வேண்டிய இடம்

(மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பெட்டிசம் எழுதுவது நமக்குப் புதிதல்ல. அது சேர வேண்டிய இடத்துக்குச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று வைத்துக்கொள்வோம். ரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி கந்தோருக்கு நாலு தரம் போயாச்சு. "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நாலு நாள் பேரும் போச்சு. இனி யாரிடம் போவது?

பாராளுமன்றத்தில் பொதுமனுக் குழு என்றொரு குழு இருக்கிறது. அரச அதிகாரியாலோ, கூட்டுத்தாபனத்தாலோ, பிரதேச சபையாலோ அநீதி நடந்தால் அக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் சம்பளம், சேமலாப நிதி போன்ற பிரச்சினைகளுக்கு முதலில் போக வேண்டியது தொழில் காரியாலயத்துக்கு. அந்தக் காரியாலயமே கவனிக்காமல் விட்டால், அதுவும் குழுவுக்குரிய விஷயமாகும்.

குழுவுக்கு நாமே நேரில் மனுக் கொடுக்க முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து வாக்கால் தெரிவாகிறவர்கள் 5 பேர். அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம், வேறு எந்த உறுப்பினராகவும் இருக்கலாம். நீங்கள் அவருக்கு வோட்டுப் போட்டீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. உறுப்பினர்களின் பெயர் விபரம் வேண்டுமானால் பாராளுமன்றத்தின் 011-2777100 இலக்கத்துக்குப் பேசிக் கேளுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்தக் கந்தோர், என்ன பரிகாரம் வேண்டும் என்று மரியாதையாக, சுருக்கமாக எழுதி ஒப்பமிடுங்கள். கடிதங்களின் போட்டோ பிரதியை மட்டும் இணையுங்கள். மூலப்பிரதி உங்கள் லயத்திலேயே இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி 1981இல் சட்டமானது. ஆரம்பத்தில் இக்குழு வழியாகத்தான் அவரிடம் போக முடிந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், யார் சிபாரிசும் இல்லாமல் நாமே அவருக்கு எழுதலாம்.

1948இல் நம் முன்னோரில் பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்தார்கள். அவர்களுக்காகப் பேச உறுப்பினர் இல்லாமல் போனது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அந்தக் குறை தீர்ந்தது. வோட்டுப் போட்ட மறுநாளோடு நம் உரிமை முடிவதில்லை. ஐந்து வருஷமும் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.