நரம்பின் வழியே நினைவு

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நெடுநாளாக நீரிழிவு உடையவர். ஒரு நாள், காலிலிருந்து செருப்புக் கழன்றதை உணராமலே வீடு வந்து சேர்ந்தார். அவ்வாண்டே, அவர் மனப்பாடமாகச் சொல்லிவந்த பாடல்களில் அடிகள் தவறலாயின. இரண்டையும் முதுமை என்றே எண்ணிவிட்டோம்.

இரத்தத்தில் மிகும் சர்க்கரை நரம்புகளையும், அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. பாதம் மரத்துப்போவது அதனால்தான். மூளையின் நுண்குழாய்களும் தப்புவதில்லை, நினைவும் மங்கக்கூடும்.

நரம்பைத் தூண்டி நினைவை மீட்க இயலுமா? மூளையிலிருந்து வயிறுவரை செல்வது வேகஸ் நரம்பு. அதை மெல்லிய மின்சாரத்தால் தூண்டும் கருவியை, வலிப்பு நோய்க்கென அமெரிக்க அரசு 1997-இல் ஏற்றுக்கொண்டது. அக்கருவி பொருத்தப்பட்டோர், படித்தவுடன் அளவான தூண்டல் பெற்றபோது, சொற்களை மேலும் நன்றாக அடையாளம் கண்டனர் என்று 1999-இல் ஓர் ஆய்வு கூறிற்று. அந்நரம்பின் கிளையொன்று செவியிலும் உள்ளது. ஆதலின் அறுவையின்றி அங்கே தூண்டியும் ஆராய்கின்றனர்.

ஆயினும், நாம் நம்பும் அந்நரம்பையே நீரிழிவு பழுதாக்கக்கூடும். எனவே நீரிழிவாளரின் மறதிக்கு இது மருந்தாகுமா என்பது இன்னும் ஆய்விலுள்ள வினாவே.

செருப்புக் கழன்ற அன்றே நாங்கள் மருத்துவரை நாடியிருக்க வேண்டும். நைலான் இழையொன்றால் பாதத்தைத் தொட்டே உணர்ச்சியை அவர் சோதித்திருப்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை நீங்களேனும் கவனியுங்கள்.