கல்லறையைக் கவனிக்க யாரை நம்புவது?



இன்று நாம் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். செத்தவனுக்குத் திதி வேண்டாம், பிண்டம் வேண்டாம் என்று ஊர் ஊராய்ச் சொல்லி வந்தவர்கள், இப்போது கல்லறையைப் பராமரிக்க ஆள் தேடும் விதத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று நினைக்கலாம். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. கல்லுக்கு அடியில் இருப்பவருக்கு நாம் பூப் போட்டாலும் தெரியாது, முள் முளைத்தாலும் தெரியாது. கல்லறை என்பது உயிரோடிருப்பவர்கள் தங்கள் ஞாபகத்துக்காக வைத்துக்கொண்ட ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஞாபகத்தின் பேரால் உயிரோடிருப்பவனிடம் பணம் வாங்கப்படுகிறது. பணம் வாங்குகிற இடத்தில் கணக்குக் கேட்க வேண்டியது நம் வேலை அல்லவா?

முன்பெல்லாம் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பத்தார் தாங்களே போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்துவிட்டு வருவார்கள். இன்று மகன் துபாயில் இருக்கிறான். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஆகவே “நீங்கள் அங்கிருந்தே பணம் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்று சொல்லுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் யோக்கியர்களும் உண்டு. யார் யோக்கியர் என்று கண்டுபிடிப்பதுதான் கேள்வி.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் தம் தாயார் கல்லறைக்காக மூன்று வருஷம் பணம் அனுப்பி வந்தார். நவம்பர் 2ந் தேதி கல்லறைத் திருநாள் வந்தால் அவருக்கு ஒரு படம் வந்துவிடும். வெள்ளையடித்த கல், மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் அதில் இருக்கும். ஒரு சமயம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தார். ஆள் உயரம் முள். கல்லின் வெடிப்பில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு அரசஞ்செடி. மூன்று வருஷத்துப் படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், மூன்றிலும் அதே மாலை, அதே மூலையில் அதே ஒடிந்த மெழுகுவர்த்தி! “முன்னமே ஏன் கேட்கவில்லை?” என்றோம். “அம்மா விஷயத்தில் போய் ரசீது கேட்பதா என்று கூச்சமாயிருந்தது” என்றார்.

தோழர்களே! அந்தக் கூச்சந்தான் இந்த வியாபாரத்தின் முதல். புரோகிதன் பிழைப்பதும் அதே கூச்சத்தின் மேல்தான். கத்தரிக்காய் வாங்கும்போது புழு பார்க்கிறவன், துக்கத்தின் பேரால் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுகிறான். ஆதலால் படம் கேட்டால் அன்றைய தினசரிப் பத்திரிகையைக் கல்மேல் வைத்து, பக்கத்துக் கல்லறையும் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யோக்கியனுக்கு இதில் கோபம் வராது.

“ஒரே தடவை 20,000 ரூபாய் கொடுங்கள், என்றென்றைக்கும் பார்த்துக்கொள்ளுகிறோம்” என்று ஒருவர் சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைப் பாங்கில் போட்டு நூற்றுக்கு 6 வட்டி வந்தால் வருஷத்துக்கு 1,200 ரூபாய், மாதத்துக்கு 100. நூறு ரூபாய்க்கு இன்று ஒரு ஆள் அரை நாளாவது மண்வெட்டி பிடிப்பானா? அந்த வட்டியையும் செலவு செய்துவிட்டால், விலைவாசி ஏற ஏற எதைக் கொண்டு சமாளிப்பது? அமெரிக்காவில் பல மாகாணங்களில், இப்படி வாங்கும் தொகையில் ஒரு பங்கைத் தனி நிதியாக வைத்து, முதலைத் தொடாமல் வருமானத்தில்தான் செலவு செய்யவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்மிடம் “என்றென்றைக்கும்” என்கிறவரிடம், பணம் எந்தக் கணக்கில், யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலுக்குப் பரலோகத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வருஷத்துக்கு வருஷம் கொடுப்பதே மேல்.

வேலை தெரிந்தவரா என்றும் பார்க்கவேண்டும். சலவைக்கல் என்பது சுண்ணாம்பு இனம். குளியலறை கழுவுகிற ஆசிட்டை அதன்மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். அன்று பளிச்சென்று தெரியும், பிறகு சொரசொரப்பாகி முன்னிலும் அதிகமாய் அழுக்குப் பிடிக்கும், எழுத்தும் தேயும். தண்ணீரும் மெத்தென்ற பிரஷுமே போதும். கம்பி பிரஷ் கூடாது. பழைய செங்கல் சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே நின்று உதிர்த்துவிடும். அரசு, ஆல் முளைத்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கவேண்டும். (அரசைப் பிடுங்கினால் பாவம் என்று பயப்படுகிறவரிடம் இந்த வேலையை ஒப்புவிக்காதீர்கள்!) பூச்சாடியில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வளரும். இவற்றை எல்லாம் கேட்டால் விழிக்கிறவருக்குத் தெரிந்தது ரசீதுப் புத்தகம் மாத்திரமே.

இன்னொரு விஷயம். நீங்கள் கொடுக்கிற பணத்தில், துடைப்பம் பிடிக்கிறவன் கைக்கு எவ்வளவு போகிறது? குழி வெட்டுவதும் புதர் வெட்டுவதும் இன்ன ஜாதிக்காரன் வேலை என்று தலைமுறை தலைமுறையாய் ஒதுக்கி, அவனுக்குச் சில்லரையை எறிந்துவிட்டு மீதியைத் தரகர் எடுத்துக்கொள்ளுவதே அனேக இடங்களில் வழக்கம். கூலி கிடைக்காதவன் ஏன் வருவான்? உங்கள் கல்லறையில் முள் முளைப்பதற்கு அதுவே பாதிக் காரணம். திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஜாதிச் சுவர் வைத்த நாடல்லவா இது?

பெரிய பேரைப் பார்த்தும் மயங்கவேண்டாம். யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகளைக் கவனிக்க 1917இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தார் ஒரு கமிஷன் ஏற்படுத்தினார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் ஏற்பட்ட யுத்தக் கல்லறைத் தோட்டம் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. 800க்கு மேற்பட்ட கல்லறைகள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அவர்கள் விதி. போய்ப் பாருங்கள், வேலை என்றால் என்ன என்று தெரியும். அப்படிப்பட்ட கமிஷனே, வெளியிலிருந்து கேள்வி எழுந்தபின், 2021இல் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேர் பொறிக்கப்படாமலோ, அடியோடு நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். சமத்துவ விதி தாளில் இருந்தது. கறுப்புத் தோலுக்கு வரும்போது அது தூங்கிவிட்டது. கேட்டதனால் அல்லவா வெளிவந்தது?

ஆகவே ஆளை அமர்த்துமுன், அவர் ஐந்தாறு வருஷமாய்க் கவனித்து வரும் கல்லறை இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்து நிர்வாகிகளின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். என்ன வேலை, வருஷத்தில் எத்தனை தடவை என்று எழுதி வாங்குங்கள். பார்க்கப் போவதை மாத்திரம் நவம்பரில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது எல்லாக் கல்லறையும் வெள்ளையாய்த்தான் இருக்கும். பிப்ரவரியில் போங்கள்.