இதயத்தைக் காட்டும் பீங்கான்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூளையிலிருந்து இறக்கிய கலத்தை நாம் விரலால் சுண்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலித்தால் நல்ல கலம். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல். கண் காணாததை ஓசை காட்டிக் கொடுக்கிறது. மருத்துவர்களும் இன்று ஓசையைக் கொண்டே இதயத்தின் உள்ளே காண்கின்றனர்.

இதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் பெருங்குழாய் மகாதமனி. கவனியாது விட்ட இரத்த அழுத்தம் முதலிய காரணங்களால் அதன் உட்சுவர் கிழிவதுண்டு. குருதி சுவரின் படலங்களுக்கிடையே புகுந்து, மெய்வழிக்கு அருகே ஒரு பொய்வழியை உண்டாக்கிவிடும். இதயத்தை ஒட்டிய பகுதியில் இது நேர்ந்தால் உடனே அறுவை செய்தல் வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

அவ்வறுவையின்போது மயக்க மருந்து மருத்துவர் வாய்வழியே உணவுக்குழாய்க்குள் மெல்லிய கருவியொன்றைச் செலுத்துகிறார். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறமாகச் செல்வதால், கருவி எழுப்பும் மீயொலி இதயத்தில் பட்டு மீண்டு திரையில் படமாகிறது. கிழிசல் எங்கே, வால்வு கசிகிறதா, இதய உறையில் குருதி தேங்கியுள்ளதா என்பன மார்பைத் திறக்குமுன்பே தெரிகின்றன. இதய நுரையீரல் பொறி செலுத்தும் குருதி பொய்வழியில் பாய்ந்தால் மூளையும் சிறுநீரகமும் வாடும். அதனையும் படம் எச்சரிக்கும். தைத்து முடித்தபின் வால்வு சரியாக மூடுகிறதா என்று காட்டுவதும் அதுவே. மூச்சுக்குழாய்க் காற்று மறைக்கும் ஒரு சிறு பகுதி மட்டும் அதற்குப் புலப்படாது.

அக்கருவியின் கண் எது? பெரும்பாலும் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை அரைத்து, அழுத்தி, சுமார் 1200 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்த பீங்கான்! மின்சாரம் ஊட்டினால் அது அதிரும்; அதிர்வு வந்து தொட்டால் மின்சாரம் தரும். நம் விருத்தாசலத்து அகல் விளக்குக்கும் பியூஸ் கட்டைக்கும் அது தூரத்து உறவு.

கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் கீறலைக் கண்டறிய வைத்திருந்த கருவியைக் கண்டே, சுவீடன் நாட்டு எட்லரும் ஹெர்ட்சும் 1953-இல் இதயத்தை மீயொலியால் ஆராயத் தொடங்கினர். தொழிற்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே நின்ற சுவரைக் கல்வி உடைத்தது.

மண் பிசைந்த, சூளையில் வெந்த நம் முன்னோருக்கு அக்கல்வி மறுக்கப்பட்டது. நம் ஊரிலேயே அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் சேர வேண்டும். மருத்துவமும் மயக்கவியல் தொழில்நுட்பமும் பயில வேண்டும். மார்பிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பது போன்ற வலி வந்தால் வாயு என்று வாளாவிராது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கலம் சுட்ட கைகள் கருவியும் செய்யட்டும். அக்கருவி காட்டும் படத்தை நம் கண்களும் படிக்கட்டும்.