உயர்வு ஆணையில் பிறக்கும் வழக்கு



நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த ஒருவரிடம் அவருடைய பணிமூப்பு எண்ணைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். தமக்கு மேலே எத்தனை பேர், அவர்களில் யார் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், துறைத் தேர்வில் யார் இன்னும் தேறவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்த எண்ணை நம்பித்தான் திட்டமிடப்படுகின்றன. அப்படிக் காத்திருந்து உதவியாளராகிச் சில ஆண்டுகள் மேசையைப் பார்த்துக்கொண்டவருக்கு, "பணிமூப்புப் பட்டியல் திருத்தப்பட்டதால் முந்தைய பதவிக்கு இறக்கப்படுகிறார்" என்று ஒரு நாள் தபால் வந்தால் அவர் நீதிமன்றம் போகாமல் வேறு எங்கே போவார்?

இந்த வழக்குகளைப் பேசும்போது எல்லாரும் இறக்க ஆணையையே பிரித்துப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வந்த உயர்வு ஆணையை. "முற்றிலும் தற்காலிகமானது", "இதனால் எவ்வித உரிமையும் கோர இயலாது" என்று அதில் வரும் இரண்டு வரிகளில்தான் பின்னாளைய வழக்கு பிறக்கிறது.

உள்ளாட்சி ஊழியரின் நிலை மற்ற அரசு ஊழியரின் நிலையைவிட மெலிந்தது. ஒன்றிய அரசின் கீழோ மாநில அரசின் கீழோ குடிமைப் பதவி வகிப்பவரை முறையான விசாரணை இல்லாமல் தண்டனையாகப் பதவி இறக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு. நகராட்சியும் மாநகராட்சியும் சட்டத்தால் உருவான தனி அமைப்புகள் என்பதால், அவற்றின் சொந்த ஊழியர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை. அதே சாசனத்தின் 12ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்புகளையும் 'அரசு' என்ற சொல்லுக்குள் வெளிப்படையாகச் சேர்த்திருப்பதால், சமத்துவம் பற்றிய 14, 16ஆவது பிரிவுகள் அவர்களுக்குத் துணை நிற்கின்றன. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் நிர்வாக ஆணைக்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1967இல் ஒரிசா அரசு மருத்துவர் ஒருவரின் பிறந்த தேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர்களுக்கு உதவுகிறது. ஆக, விளக்கம் கேட்காமல் ஓர் ஊழியரை இறக்கும் ஆணை அந்த ஒரு குறையாலேயே விழக்கூடும்.

உள்ளாட்சி ஊழியர் குடிமைப் பணியாளரா என்ற இந்தக் கேள்வியில் குஜராத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த மாநிலத்தில் 1961ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சிறிய நகராட்சிகள் பஞ்சாயத்துகளாக மாறின. அங்கே வேலை பார்த்தவர்கள் பஞ்சாயத்துப் பணியின் 'உள்ளூர்ப் பிரிவில்' சேர்க்கப்பட்டார்கள். மாவட்டப் பிரிவிலும் வட்டப் பிரிவிலும் இருந்தவர்களுக்குக் கிடைத்த ஊதியக் குழுப் பலன்கள் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்குத் தொடுத்தார்கள், உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1978இல் அரசு சட்டத்தைத் திருத்தி அதற்கு முன்தேதியிட்டுச் செயல்வடிவம் கொடுத்தது. முன்னாள் நகராட்சி ஊழியர்கள் தொடக்கம் முதலே அரசுப் பணியாளர்களாக இருந்ததில்லை என்பதுதான் அத்திருத்தத்தின் விளைவு.

தனியொருவருக்குப் பதவி இறக்க ஆணை தரும் வேலையை ஒரு வகுப்பார் முழுமைக்கும் சட்டத்தின் வழியே செய்த முயற்சி இது. 1983இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பஞ்சாயத்துப் பணி மாநிலத்தின் குடிமைப் பணியே என்றது. ஊழியர் கையில் இன்று இருக்கும் உரிமையைக் கடந்த காலத்துக்குப் போய் அழித்துவிட்டு வர சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் முடிவு செய்தது. உள்ளாட்சிப் பணியாளர்களின் வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க தீர்ப்புகள் மிகச் சில. சட்டக் கல்லூரிகளில் இது இன்னும் அழுத்தமாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

இனி, தற்காலிக உயர்வு. ரயில்வேயில் மூன்றாம் நிலைப் பணியிலிருந்து இரண்டாம் நிலைப் பதவியைப் பொறுப்பாக வகித்த ஓர் அலுவலர் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார். 1957இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொறுப்பாக வகித்த பதவியில் அவருக்கு உரிமை இல்லை, அதனால் திருப்பி அனுப்பியது தண்டனை ஆகாது என்பது பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி விவியன் போஸ் மட்டும் உடன்படவில்லை; ஆணையின் பெயர் என்னவாக இருந்தாலும் அது ஊழியருக்குச் செய்த தீங்கைப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. அந்தச் சிறுபான்மைக் குரலில் இருந்த மனிதப் பார்வை பெரும்பான்மைத் தீர்ப்பில் இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

பிற்காலத்தில் நீதிமன்றமும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தது. உத்தரப் பிரதேசக் காவல் துறையில் பொறுப்புப் பதவி வகித்த தலைமைக் காவலர் ஒருவரைக் கீழே இறக்கிவிட்டு, அவருக்கு இளையவர்கள் சுமார் 200 பேரை மேலேயே விட்டுவைத்தார்கள். ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்து இறக்குவது 16ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. 1990இல் மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கில் இன்னொரு தெளிவு கிடைத்தது. விதிப்படி நியமிக்கப்படாமல் இடைக்கால ஏற்பாடாக வகித்த காலம் பணிமூப்புக்குச் சேராது. ஆனால் நடைமுறையில் குறை இருந்தாலும் இடைவிடாமல் பணியாற்றி, பிறகு விதிப்படி முறைப்படுத்தப்பட்டவருக்கு அந்தக் காலம் சேரும்.

தமிழ்நாட்டில் தற்காலிகப் பதவி உயர்வுக்குப் பொது விதி 39(அ) நெடுங்காலம் பயன்பட்டது. அவசரத் தேவைக்கென்று வைத்த வழி அது. பதவி உயர்வுக்கான முந்துரிமைப் பட்டியல் உரிய காலத்தில் தயாராகாத அலுவலகத்தில் அதுவே வழக்கமான வழியாகிவிடுகிறது. ஒருவர் பத்தாண்டு 'தற்காலிகமாக' இருக்கிறார் என்றால் அது அவர் செய்த பிழை அல்ல. பட்டியலைத் தயாரிக்காதவரின் பிழை. அதன் விலையை மட்டும் ஊழியர் கொடுக்கிறார்.

இறக்கத்துக்கும் ஓர் அடித்தளம் உண்டு. நேரடி நியமனமாக ஒரு பதவியில் சேர்ந்தவரைத் தண்டனை என்ற பெயரில் அந்தப் பதவிக்கும் கீழே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது. இளநிலை உதவியாளராகவே தேர்வாகி வந்தவரை 17(ஆ) விதியின் கீழான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டின் முடிவில் அலுவலக உதவியாளராக்க முடியாது. இதை அறியாமல் போடப்படும் ஆணைகள் முதல் விசாரணையிலேயே விழும்.

இறக்கத்தோடு சேர்ந்து வருவது பிடித்தம். தவறான உயர்வால் கூடுதலாகப் பெற்ற சம்பளத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். 2014 டிசம்பரில் பஞ்சாப் மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரம்புகளை வகுத்தது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் பிடிக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த பிறகு பிடிக்கக் கூடாது. உயர்பதவியின் வேலையைச் செய்யவைத்து அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால், அவர் கீழ்ப்பதவிக்கே உரியவர் என்று பிறகு தெரிந்தாலும் பிடிக்கக் கூடாது. உள்ளாட்சி ஊழியரில் பெரும்பாலோர் இந்த வரம்புகளில் ஏதேனும் ஒன்றுக்குள் வந்துவிடுவார்கள்.

ஊழியர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது: தாமதிக்காமல் இருப்பது. இளையவர்கள் 1957இல் தம்மை மிஞ்சி உயர்வு பெற்றதை எதிர்த்துப் பதினான்கு ஆண்டு கழித்து வந்த தமிழ்நாட்டு நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் 1974இல் ஏற்க மறுத்தது. ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. மேலதிகாரியிடம் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் காலம் நீளாது. சங்கங்கள் உறுப்பினர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சிப் புள்ளியை வைத்துப் பணிமூப்பை நிர்ணயிக்கும் கேள்வி தமிழ்நாட்டில் இன்னும் ஆறவில்லை. 2016ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் சட்டத்தில் அதற்கு இடமளித்த 40ஆவது பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாது என்றது. இடஒதுக்கீடு வேலைவாய்ப்பின் வாசலைத் திறக்கிறது. உள்ளே வந்தவர்களின் வரிசையை எப்படி வைப்பது என்பதில் சமூக நீதியின் பக்கம் நிற்பவர்களிடையேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இக்கருத்தரங்கின் பிற்பகல் அமர்வு அதை நேர்மையாகப் பேசட்டும்.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல்தான் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டங்களின் கீழ் நியமனமானவர்களும் புதிய விதிகளின் கீழ் வருபவர்களும் ஒரே பட்டியலில் நிற்கும்போது உரசல் வரும். எனவே கட்டுரையாளர்கள் மூன்று விவரங்களைத் தேடித் தருவது நல்லது: தற்காலிக உயர்வு எத்தனை ஆண்டில் முறைப்படுத்தப்படுகிறது, வரைவுப் பணிமூப்புப் பட்டியலுக்கு வந்த ஆட்சேபணைகளுக்கு எழுத்தில் பதில் தரப்படுகிறதா, தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் பணிக்காலத்தில் ஒரு படியாவது ஏற முடிகிறதா. மூன்றாவது விவரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புகளில் பதில் கிடைக்காது. உயர்வே இல்லாத பணியில் உயர்வு பற்றிய வழக்கும் எழுவதில்லை. அதற்கான விடையை ஆணையர் அலுவலகத்துப் பணிப்பதிவேடுகளில்தான் தேட வேண்டும். முதல் அமர்வு அங்கிருந்தே தொடங்கட்டும்.