சூளைக்கரைக் குழந்தையும் நமது மொழிக் கொள்கையும்

(மாவட்டப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மொழிக் கொள்கை பற்றிப் பேசவேண்டும் என்று அழைத்தீர்கள். 1938-ஐயும் 1965-ஐயும் நான் விரித்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று மூன்றரை வயதுப் பெண்குழந்தை ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சென்ற மாசித் திங்களில் செங்கற்சூளைகள் நிறைந்த ஒரு பகுதிக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் அங்கன்வாடி மையம். பிள்ளைகள் கைகொட்டிப் பாடிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை மட்டும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, பாடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இந்தக் குழந்தைக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "சூளைக்காரர் பிள்ளைங்க ஐயா. இரண்டு மாதமா வருது, வாயே திறக்கல. ஊமையோ என்னவோ" என்றார் பணியாளர். அவர் இகழ்ந்து சொல்லவில்லை. உள்ளபடியே கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

மாலையில் சூளைப் பக்கம் போனேன். அதே குழந்தை, அதன் அண்ணனோடு சண்டையிட்டுக் கொண்டிருந்தது! மூச்சுவிடாமல் பேசிற்று. விரலை நீட்டி மிரட்டிற்று. பாட்டியிடம் ஓடி முறையிட்டது. ஊமையாம், தோழர்களே! காலையில் ஊமை, மாலையில் வாயாடி. இடையில் மாறியது குழந்தையா, இடமா?

ஒடிசாவின் மேற்குக் கோடியிலே பலாங்கிர், நுவாபடா என்ற மாவட்டங்கள் உண்டு. வானம் பொய்த்தால் வயிறு காயும் மண். அங்கிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பங்குடும்பமாகப் புறப்பட்டுவந்து, மழைக்காலம் தொடங்கும்வரை நமது திருவள்ளூர், செங்கற்பட்டுப் பகுதிகளிலே கல்லறுக்கிறார்கள். நம் வீட்டுச் சுவர்களில் அவர்களுடைய கைரேகை இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு நமது மையங்களிலே சத்துமாவு கிடைக்கிறது, முட்டை கிடைக்கிறது, மகிழ்ச்சி. சொல் கிடைக்கவில்லை!

புதுமொழி நடுவே விடப்பட்ட குழந்தை சில வாரங்கள், சில வேளை பல மாதங்கள்கூட, பேசாதிருப்பது இயல்பு என்று குழந்தைமொழி ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த மௌனத்தில் அது கேட்டுக்கொண்டிருக்கிறது, சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதை மந்தம் என்று ஏட்டிலே எழுதிவிட்டால், அந்த ஏடு பின்தொடர்ந்து பள்ளிவரை செல்கிறது. இரு மொழிகளையும் கலந்து பேசினால் குழப்பம் என்று அஞ்சுகிறோம். அதுவும் தவறு. தாய்மொழியிலே எண்ணவும் கதை சொல்லவும் வேரூன்றிய பிள்ளை, அந்தத் திறனை இரண்டாம் மொழிக்கும் கொண்டுசெல்கிறது என்பதை கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே எடுத்துரைத்தார். அதற்கும் முன்னே, 1953-இல், தாய்மொழியே கல்விக்கு ஏற்ற தொடக்கம் என்று யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டது. அந்த வாதத்தை நாமும் மேடைதோறும் முழங்கினோம். யாருக்காக முழங்கினோம்? தமிழ்க் குழந்தைக்காக மட்டுமா?

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அரசியல் சட்டத்திலே 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்யவேண்டும் என்பது அதன் சாரம். மழலைப் பருவத்தை அது குறிப்பிடவில்லை. ஐந்து வயதில் பிறக்கும் உரிமை மூன்று வயதில் எங்கே உறங்குகிறதோ!

ஒடிசாவையே பாருங்கள். அங்கே 62 பழங்குடிகள். பள்ளியிலே ஒடியா, வீட்டிலே வேறு மொழி. இங்கே ஒடியா பேசும் குழந்தை வாயடைத்து நிற்பதுபோல, அங்கே பொண்டா பேசும் குழந்தை ஒடியாவின் முன் வாயடைத்து நின்றது. பெரும்பான்மை மொழி எந்த மொழியானாலும் சிறுபிள்ளையின்மீது சுமையாக இறங்கக்கூடும். அது ஒடியாவுக்கும் பொருந்தும், தமிழுக்கும் பொருந்தும். கசப்பாக இருக்கிறதா? எனக்கும் கசந்தது. அந்த மாநிலத்தார் 2006-07 ஆண்டிலே சவோரா, குவி, ஜுவாங், பொண்டா, சந்தாளி உள்ளிட்ட 10 பழங்குடி மொழிகளில் பாடநூல் எழுதித் தொடக்கப் பள்ளிகளிலே பன்மொழிக் கல்வியைத் தொடங்கினர். அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையே கற்பிக்க அமர்த்தினர். நாமும் ஒன்றும் செய்யாதிருக்கவில்லை. ஒடியா நூல்களைத் தருவித்து, ஒடியா ஆசிரியர்களைக் கொண்டு சூளைப் பள்ளிகள் திருவள்ளூர் மாவட்டத்திலே நடந்ததுண்டு. ஆனால் அவை பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானவை.

ஒரு தோழர் என் காதிலே மெல்லச் சொன்னார்: "இந்த வழியாக இந்தி நுழைந்துவிடாதா?" நியாயமான ஐயம்; ஒளிக்காமல் விடை சொல்கிறேன். அந்தக் குழந்தையின் மொழி இந்தி அல்ல. 'வடக்கத்தியார்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது அன்னியமொழி. நம்மீது எது திணிக்கப்பட்டதோ, அதையே நாம் அதன்மீது திணித்தவர்களாவோம். இன்னொருவர், "ஆறு மாதத்தில் போய்விடும் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு?" என்றார். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு, தோழரே!

தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாய் என்னிடம் கேட்டதே, "தமிழ் கற்றுக்கொடுங்கள்" என்றுதான். கடைக்குப் போக, மருத்துவமனைக்குப் போக, மேஸ்திரியின் கணக்கைப் புரிந்துகொள்ளத் தமிழ் வேண்டும். தமிழுக்கு வரும் வழியிலே பிள்ளை தன் மொழியைப் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதே என் வழக்கு.

அந்தப் பணியாளர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல மனம் அவருக்கு. ஒடியாவில் தண்ணீருக்குப் 'பாணி' என்று யாரிடமோ கேட்டு வந்து குழந்தையிடம் சொன்னார். அது விழித்தது. பிறகு பாட்டியை மையத்துக்கு அழைத்துவந்தோம். பாட்டி சிரித்துவிட்டு, "பாயென்" என்றாள். அவர்கள் பேசுவது மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி. புத்தக ஒடியா அன்று. ஆயா குவளையை நீட்டி, "பாயென்?" என்றார். அந்தக் குழந்தை சுவரை விட்டு எழுந்து வந்தது. குடித்தது. குவளையைத் திருப்பித் தரும்போது, "தண்ணி" என்றது!

இதற்குச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்படவில்லை. வாரம் இருமுறை ஒரு பாட்டி வந்து, தரையில் அமர்ந்து தன் ஊர்க்கதை சொன்னால் போதும். அவளுக்கு அன்றைய கூலி இழப்பை ஈடுசெய்ய வேண்டும்; அது அரசின் கடமை, அதைக் கேட்டு வாங்குவது நமது வேலை. அதுவரை கிளைக்கழகங்கள் காத்திருக்க வேண்டாம்.

தை பிறந்துவிட்டால் சூளைகள் புகையும். அதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் எல்லையிலுள்ள சூளைகளுக்குச் சென்று, எத்தனை சிறுபிள்ளைகள், வீட்டிலே பேசுவது என்ன மொழி என்று கேட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். பசி, தண்ணீர், வலி, தூக்கம், பயம், அம்மா. இந்தச் சொற்களையாவது அவர்கள் வாயாலேயே கேட்டு, தமிழெழுத்திலே எழுதி, மையத்துச் சுவரில் ஒட்டுங்கள். மலையடிவாரக் கிளைகள் இருளர், சோளகர் குடியிருப்புகளிலும் இதையே செய்யவேண்டும். பட்டியல்கள் மார்கழி முடிவதற்குள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து சேரட்டும்.