கேரண்டி அட்டையும் ஒரு பத்திரம்தான்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க சார், கணக்கு வழக்கு மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் சொன்னார். 36 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? சரி, என் வீட்டுக் குளியலறையைப் பற்றிப் பேசுகிறேன். அதில் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் இதுவரை இரண்டு கீசர்கள் ஒழுகியிருக்கின்றன. இரண்டுக்கும் உள்தொட்டிக்கு ஐந்து வருஷ கேரண்டி. இரண்டும் மூன்றாவது வருஷத்திலேயே ஒழுகின. முதல் கீசரில் நான் தோற்றேன், இரண்டாவதில் ஜெயித்தேன். சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் என் கையில் இருந்த காகிதத்தில்.

முதல் கீசருக்கு பில்லைத் தேடி எடுத்தேன். வழவழப்பான மெஷின் பில். மூன்று வருஷத்தில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத்தாளாகிவிட்டது. கேரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. "எப்போது வாங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். தேதி இல்லாத செக்கை எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். என் மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

இரண்டாவது கீசர் வாங்கியபோது உஷாராகிவிட்டேன். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்றேன். அட்டையில் தேதி, சீரியல் எண், முத்திரை மூன்றையும் கடையிலேயே போட்டு வாங்கினேன். பில்லை ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்தேன்.

அதுவும் ஒழுகியது. சர்வீஸ் பையன் வந்தார், மூடியைக் கழற்றினார், பார்த்தார். "உங்க ஊர் உப்புத் தண்ணி சார், கேரண்டியில வராது" என்றார்.

நான் பேச வந்ததே இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். நம்மில் பலர் இதைக் கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம். நம் பிளாக்கில் தனியாக இருக்கும் ஒரு அம்மா, கேரண்டி பாக்கி இருக்கும்போதே, குடும்ப பென்ஷன் பணத்தில் புதுக் கீசர் வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "நம்ம தண்ணி அப்படித்தானே அண்ணா" என்றார். குற்றவாளி மாதிரி சொன்னார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நம் தண்ணீர் அப்படித்தான், உண்மை. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பும், பதனிடும் கழிவும் பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரை என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வை அதில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். நமக்கு அதுதான் விதி என்றால் கீசர் கம்பெனிக்கும் அதுதான் விதி.

சர்வீஸ் பையனிடம் சண்டை போடவில்லை. அவரும் சம்பளக்காரர். "தம்பி, நீங்க சொன்னதை ஜாப் ஷீட்டில் எழுதி, கையெழுத்துப் போடுங்க" என்றேன். எழுதினார். தண்ணீரை என்ன சோதனை செய்தார் என்ற கட்டம் காலியாக இருந்தது.

பிறகு நம் மேல்தொட்டித் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். நமக்குக் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்துதானே வருகிறது? கீசர் கையேட்டில் கடினத்தன்மைக்கு ஓர் எல்லை போட்டிருந்தது. நம் எண் அதற்குள் இருந்தது. பில், அட்டை, ஜாப் ஷீட், ஆய்வறிக்கை நான்கின் நகலையும் வைத்து, 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன். 12-ஆம் நாள் புதுத் தொட்டி வந்தது. கூலி மட்டும் நான் கொடுத்தேன், ஏனென்றால் இலவசக் கூலி இரண்டு வருஷம்தான் என்று அட்டையிலேயே இருந்தது.

இதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் வாயால் "எல்லாத்துக்கும் கேரண்டி" என்பார். அட்டையில் உள்ளதுதான் செல்லும். 2006-இல் மாருதி கார் வழக்கு ஒன்றில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது, ஆகவே முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே வாங்கும் முன்பே படியுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். "இந்த ஊர்த் தண்ணீருக்குத் தாங்கும்" என்று கடைக்காரர் சொன்னால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் தனியாகக் கொடுத்த உறுதிக்கு அவரும் பொறுப்பு என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஒருவேளை கம்பெனி அசையவே இல்லை என்றால்? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். பழுது தயாரிப்பிலா தண்ணீரிலா என்று தெரியவில்லை என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கீசர் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி அரிக்காமல் இருக்க அது தான் அரிந்து போகும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் தீரும். வருஷம் ஒருமுறை பார்த்து மாற்றி, அந்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். "பராமரிக்கவில்லை" என்று நம்மேல் பழி போட இடம் கொடுக்கக் கூடாது.

பில்டர் பொருத்திக் கொடுத்த குழாய், மோட்டார், லிஃப்ட் எல்லாம் வேறு கணக்கு. ரெரா சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வேலையிலோ தரத்திலோ குறை தெரிந்து நாம் தெரிவித்தால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போர், மேல்தொட்டி இரண்டின் தண்ணீரையும் சோதித்து, அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எண் எல்லையைத் தாண்டினால் அந்த வகைக் கீசரை வாங்காமல் இருப்போம். தாண்டாவிட்டால் அந்த அறிக்கை நம் எல்லோருக்கும் சாட்சி. இரண்டாவது, பில்டர் பொருத்திய பொருள்களுக்கு ஒரு பட்டியலும், ஐந்து வருஷம் முடியும் தேதியும் சங்கப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இங்கே பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஒரு தையல் பிசகினால் வெளிநாட்டு பையர் எத்தனை கேள்வி கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கேட்பதை நாம் தப்பு என்று நினைப்பதில்லை. நாமும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், நாமும் கேட்கலாம்.

அந்த அம்மாவின் பழைய கீசர் இன்னும் பால்கனியில்தான் கிடக்கிறது. பில் இருக்கிறதாம், இரண்டு வருஷக் கெடுவும் முடியவில்லை. வரும் ஞாயிறு நானும் செயலாளரும் உட்கார்ந்து கடிதம் எழுதப் போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், பில்லோடு வாருங்கள்.