படகு முதலாளி எழுப்பிய மண்டபம்

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தின் நாஷ்வில் நகரில், கம்பர்லாந்து ஆற்றிலே நீராவிப் படகுகள் விட்டுப் பொருள் சேர்த்த தாமஸ் ரைமன் என்பவர், 1885ஆம் ஆண்டில் ஒரு கூடாரத்தில் சாம் ஜோன்ஸ் என்னும் பாதிரியார் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மனம் உருகி, இத்தகைய உபதேசத்துக்கு நிலையானதோர் இடம் வேண்டுமென்று சங்கல்பம் செய்துகொண்டு முயன்றதன் பலனாக எழுந்த செங்கல் மண்டபம் 1892இல் பூர்த்தியாயிற்று. 1904இல் அவர் காலமானபின் அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

பிரசங்கம் மட்டும் கட்டடக் கடனை அடைத்துவிடுமா? கச்சேரிக்கும் நாடகத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். 1943 முதல் 1974 வரை ‘கிராண்ட் ஓலே ஆப்ரி’ என்னும் வானொலி நிகழ்ச்சி அங்கிருந்துதான் ஒலிபரப்பாயிற்று. குளிர்சாதனம் இல்லாத அந்த மண்டபத்தில், தேவாலயத்துக்கென்றே செய்த ஓக் மரப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து அமர்ந்து, விசிறிக்கொண்டே ஜனங்கள் நாட்டுப்புறச் சங்கீதத்தை ரசித்தார்கள். அந்த நிகழ்ச்சி புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய மேடையிலிருந்து 6 அடி அகலத்தில் வட்டமாகப் பலகையை அறுத்தெடுத்துப் போய் அங்கே பதித்துக்கொண்டார்களாம். பக்தி என்றால் இதுவல்லவோ பக்தி!

பிறகு பாழடைந்து, இடித்துவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்த மண்டபம், ஜீர்ணோத்தாரணம் பெற்று 1994இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு ஆசனம் மரப்பெஞ்சுதான்.